மூன்று இலை போட்ட வெள்ளிக்கிழமை

சாமி,

உன் அம்மா சம்மதித்துவிட்டாள். இதை முதல் வரியிலேயே எழுதிவிடுகிறேன். பம்பாயில் கப்பலுக்குக் காத்திருக்கும் நீ, இந்தக் காகிதத்தைப் பிரித்ததும் கடைசி வரிக்குத்தான் ஓடுவாய் என்று எனக்குத் தெரியும். சின்ன வயதில் கணக்குப் புத்தகத்தின் விடைப் பக்கத்தை முதலில் புரட்டியவன்தானே நீ. விடை தெரிந்துவிட்டது, இனி வழிமுறையை நிதானமாகப் படி. வழிமுறை எழுதாத விடைக்கு நான் எந்தப் பையனுக்கும் முழு மதிப்பெண் போட்டதில்லை. மேலும் இந்த வழிமுறை, அந்தத் தீவில் போய் இறங்கப்போகிற உனக்குச் சாப்பாட்டு வேளைகளில் உதவும்.

எகிப்துப் பாலைவனத்து முகாமில், பட்டாள ஆஸ்பத்திரியில் கம்பவுண்டராக இருந்தபோது, யெலேனாவைப் பற்றி நீ எழுதிய கடிதம் வந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. சண்டைக்குப் பயந்து குரோஷியாவின் கடற்கரைத் தீவுகளிலிருந்து வந்து கூடாரங்களில் தங்கியிருந்த குடும்பங்களில் ஒன்று அவளுடையது என்றும், அவளையே மணக்க விரும்புவதாகவும் எழுதியிருந்தாய். நான் அதை உன் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். அவள் அழவில்லை, திட்டவில்லை. அழுதிருந்தால் தேற்றியிருப்பேன், திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். அன்றிலிருந்து உன் பேச்சையே எடுக்காமல் விட்டுவிட்டாள். எலுமிச்சங்காய் வாங்கி வந்து வைத்தால், "யாருக்குங்க ஊறுகா? நம்ம ரண்டு பேருக்கு இருக்கறதே போதும்" என்று பக்கத்து வீட்டுப் பாவாயிக்கு எடுத்துக் கொடுத்துவிடுவாள். சண்டை முடிந்து, அந்தக் குடும்பம் தன் தீவுக்குத் திரும்பி, நீயும் பட்டாளத்தை விட்டுப் பம்பாயில் வேலைக்கு அமர்ந்த பிறகும் அவள் மனம் அசையவில்லை. எப்போதாவது ஒரே ஒரு கேள்வி கேட்பாள்: "அந்தப் புள்ள இங்க வந்து என்னத்தத் திங்கும்? இவன் அங்க போயி என்னத்தத் திம்பான்?" நான் பூகோளப் புத்தகத்தை எடுத்து வைத்து அந்த நாட்டின் விளைபொருள்களைச் சொன்னேன். திராட்சை, அத்தி, மக்காச்சோளம், ஒலிவ எண்ணெய், மீன். அவள் கேட்டது விளைபொருளை அல்ல என்பது எனக்கு அப்போது புரியவில்லை.

பிறகுதான் உன் அடுத்த கடிதம் வந்தது. யெலேனாவின் அப்பா கடலில் இறந்துவிட்டார், அவளுடைய அம்மாவின் தம்பி நிக்கோலா சரக்குக் கப்பலில் மாலுமி, கப்பல் சென்னைக்கு வரும்போது அவர் நம் வீட்டை வந்து பார்ப்பார், அவர் சரியென்று எழுதினால்தான் யெலேனாவின் அம்மா ஒப்புக்கொள்வாள் என்றெல்லாம் எழுதியிருந்தாய். அவரை அங்கே எல்லோரும் பார்பா நிக்கோலா என்பார்கள், பார்பா என்றால் மாமா மாதிரி ஒரு மரியாதைச் சொல் என்றும் எழுதியிருந்தாய். இதைக் கேட்டதும் உன் அம்மா அத்தனை மாதங்களுக்குப் பிறகு முதன்முறையாக நிமிர்ந்து பார்த்தாள். "தாய்மாமன் வாராரா?" என்றாள். "ஆமாம்." "தாய்மாமன் வந்து பேசறது மொறதானுங்க" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். சம்மதம் இல்லைதான். ஆனால் கதவு ஒரு விரல்கடை திறந்த மாதிரி இருந்தது.

அவர் வரும் நாள் வெள்ளிக்கிழமையாக அமைந்தது. நான் கோழி அடிக்கச் சொன்னேன். வெள்ளைக்காரர், கடலில் உழைப்பவர், பருப்பும் சோறும் போட்டால் என்ன நினைப்பார் என்பது என் கவலை. உன் அம்மா ஒரே பிடியாக நின்றாள். "வெள்ளிக்கெழம நம்மூட்டுல கவிச்சி ஆக்கறதில்லீங்க. தொர வந்தாலும் சரி, கவர்னர் வந்தாலும் சரி." அவள் வேண்டுமென்றே காரியத்தைக் கெடுக்கிறாள் என்றே நான் நினைத்தேன். பேசாமல், பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு மேசையும் நாற்காலியும் இரவல் வாங்கி வந்து நடு அறையில் போட்டேன். பாவாயி எட்டிப் பார்த்து, "ஏனுங்க வாத்தியாரே, தொரைக்குப் பரீச்சை வெக்கப் போறீங்களா?" என்றாள். அவள் சொன்னது ஒரு வகையில் சரிதான். ஆனால் பரீட்சை யாருக்கு என்பதுதான் வேறாக இருந்தது.

சேலத்துக்குப் போய் ரயிலிலிருந்து அவரை அழைத்துக்கொண்டு, ராசிபுரம் வழியாகப் பஸ்ஸில் நாமகிரிப்பேட்டை வந்து சேர்ந்தேன். ஆள் நம் பக்கத்து விவசாயி மாதிரியே வெயிலில் கறுத்துக் காய்ந்திருந்தார். பெரிய கைகள். கப்பலில் கற்ற இங்கிலீஷ். வினைச்சொற்களையெல்லாம் வழியில் எங்கோ இறக்கிவிட்டு வந்தது போன்ற இங்கிலீஷ். ஆனால் எனக்குப் புரிந்தது. உனக்கு எழுதும்போது அவருடைய பேச்சை நல்ல வாக்கியங்களாகவே எழுதிவிடுகிறேன். வாத்தியார் புத்தி, விடாது.

வீட்டுக்குள் வந்ததும் பையிலிருந்து இரண்டு பொருள்களை எடுத்து உன் அம்மாவின் கையில் கொடுத்தார். ஒன்று, உலர்ந்த அத்திப்பழங்களை நடுநடுவே வாசனை இலை வைத்து நூலில் கோத்த மாலை. இன்னொன்று, உள்ளே ஏதோ பச்சிலைகள் மிதக்கும் ஒரு பாட்டில். அங்கே வீட்டுக்கு வந்தவருக்கு முதலில் கொடுப்பது இந்த இரண்டும்தானாம்: உலர்ந்த அத்திப்பழமும், மூலிகை போட்ட ஒரு சிறு கோப்பைச் சாராயமும். விருந்தாளியாகப் போகிறவனும் அதையே கொண்டுபோனால் 'உன் வீடும் என் வீடும் ஒன்று' என்று பொருளாம். இது எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. உன் அம்மாவுக்கு எப்படித் தெரியும்? மாலையைப் பார்த்தாள்; நூலில் கோத்திருக்கிறது, இலை வைத்திருக்கிறது, நல்ல மணமும் இருக்கிறது. நேரே கொண்டுபோய் முருகன் படத்துக்குச் சாத்திவிட்டாள். பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு, "கசாயமாட்டம் இருக்குதுங்க. கடல்ல சளி புடிக்கும்ல" என்று தக்கையைத் திறந்து முகர்ந்தாள். அவ்வளவுதான். முகம் மாறிவிட்டது. "இது கசாயமில்லீங்க" என்று மெல்லச் சொல்லி, பாட்டிலைக் கொண்டுபோய் வெளியே வாசற்படிக்கு அப்பால் வைத்துவிட்டு வந்தாள்.

அந்த வாசனை அவளுக்கு எங்கிருந்து தெரியும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. அவளுடைய அண்ணன், உன் பெரிய மாமா, எப்படிப் போனார் என்பதை நீயே பார்த்தவன். நம் ஜில்லாவில் மதுவிலக்கு வந்தபோது நான் ஊர் ஊராகப் போய்ப் பேசியதற்கும் அவர்தான் காரணம். அந்த வீட்டில், அந்தச் சட்டம் இருக்கும் ஊரில், வாசற்படியில் ஒரு சாராய பாட்டில். பாவாயி வேறு அந்தப் பக்கம் இரண்டு தடவை நடந்துவிட்டாள். நான் அதைப் பார்த்துக்கொண்டு வியர்த்து நின்றேனே தவிர, விருந்தாளியின் முகத்தைப் பார்க்கவில்லை. அவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். தின்னக் கொடுத்தது சுவரில் தொங்குகிறது. குடிக்கக் கொடுத்தது தெருவில் நிற்கிறது.

சாப்பாட்டு நேரம் வந்தது. மேசைமேல் ஒரு தலைவாழை இலை போட்டு, தண்ணீர் தெளித்து, அரசாணிக்காய்ப் பொரியல், கீரைக் கடைசல், பருப்பு, ஒரு ஓரத்தில் இனிப்புக்கு ஒப்புட்டு, எல்லாம் வரிசையாக வைத்து, சோறு போட்டு, ராசிபுரத்து நெய்யைத் தாராளமாக ஊற்றினாள் உன் அம்மா. நான் ஒரு பக்கம் விசிறியோடும், அவள் ஒரு பக்கம் கரண்டியோடும் நின்றோம். நம் பக்கத்தில் விருந்தாளிக்கு இதற்கு மேல் என்ன மரியாதை உண்டு? அவர் நாற்காலியில் உட்கார்ந்து இலையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். "உங்கள் இலை எங்கே?" என்று கேட்டார். "நாங்கள் அப்புறம் சாப்பிடுவோம், நீங்கள் சாப்பிடுங்கள்" என்றேன். நாற்காலியைப் பின்னால் தள்ளினார். பிறகு, "எனக்குப் பசி இல்லை" என்று எழுந்து வெளியே போய்விட்டார்.

"புடிக்கலையாட்டம் இருக்குதுங்க. நீங்க சொன்னாப்பல கோழி அடிச்சிருக்கோணும்" என்றாள் உன் அம்மா. அவளுடைய குரல் அப்படி உடைந்து நான் கேட்டதில்லை. உன்மேல் எத்தனை வருத்தம் இருந்தாலும், அவள் சமைத்த இலையின் முன்னால் உட்கார்ந்த ஒருவர் கை வைக்காமல் எழுந்தது அவளுக்குத் தாங்கவில்லை. நான் வெளியே ஓடினேன். அவர் பாட்டிலைக் கையில் எடுத்துக்கொண்டு, திரும்பிப் போக எப்போது பஸ் இருக்கிறது என்று கேட்டார். உன் கல்யாணம் அந்த இடத்தில் முடிந்தது என்றே நினைத்தேன், சாமி. உனக்கு என்ன எழுதுவது என்றுகூட யோசித்துவிட்டேன்.

அப்படி நினைத்த பிறகுதான் எனக்குத் துணிச்சல் வந்தது. கெட்டுப்போன காரியத்தில் கேள்வி கேட்க என்ன பயம்? "சாப்பாட்டில் என்ன குறை?" என்று நேராகவே கேட்டேன். அவர் சொன்னார்: "சாப்பாட்டில் குறை இல்லை. எங்கள் தீவில் ஒருவனைத் தனியாக உட்காரவைத்துச் சோறு போடுவது இரண்டு பேருக்குத்தான். ஒன்று, கூலிக்கு வந்தவன். இன்னொன்று, கோர்ட்டு நோட்டீசு கொண்டுவந்தவன். நான் இதில் யார்? வீட்டுக்காரன் என்னோடு உட்கார்ந்து ஒரு வாய் சாப்பிடவில்லை என்றால், என்னை ஏற்கவில்லை என்று பொருள். நேரே சொல்லியிருக்கலாம். ரயில் ஏறியிருக்க மாட்டேன்."

எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் நிறைந்தது. "ஐயா, எங்கள் ஊரில் விருந்தாளிக்கு முன்னால் வீட்டுக்காரன் உட்கார்ந்து சாப்பிட்டால் அதுதான் அவமானம். நின்று பரிமாறுவதுதான் மரியாதை. நாங்கள் இரண்டு பேரும் காலையிலிருந்து ஒரு பருக்கை தொடாமல் உங்களுக்காகவே நிற்கிறோம்" என்றேன். "காலையிலிருந்தா?" என்றார். பாட்டிலுக்கும் காரணம் சொன்னேன். சட்டத்தைச் சொன்னேன், உன் பெரிய மாமாவைச் சொன்னேன். அவர் பாட்டிலைத் துணியில் சுற்றிப் பையின் அடியில் வைத்து, "எனக்கும் அப்படி ஒரு தம்பி இருந்தான்" என்றார்.

ஆனால் பாதி வேலைதான் முடிந்திருந்தது. உள்ளே போய் உன் அம்மாவிடம் சொன்னேன்: நான் மட்டும் உட்கார்ந்தால் போதாது, அவளும் உட்கார வேண்டும். அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். "அட சாமி! நம்மூட்டு ஆம்பளைங்க முன்னாலயே நானு உக்காந்து தின்னதில்ல. முன்னப்பின்ன தெரியாத மனுசன் முன்னால உக்காந்து திங்கறதா? பாவாயி பாத்தா ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பா." நான் வற்புறுத்தவில்லை. வற்புறுத்தி அவளிடம் நான் ஒன்றும் சாதித்ததில்லை. அவள் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தாள். அவர் வெயிலில் நின்று கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். "நானு உக்காரலீன்னா அந்த மனுசன் பசியோடயே போயிருவாரா?" என்று கேட்டாள். "போய்விடுவார்" என்றேன். "ஊட்டுக்கு வந்தவிங்கள வகுறு காயப்போட்டு அனுப்பறதா? கூப்புடுங்க அவர. அந்த மேசைய அக்கட்டால தள்ளுங்க" என்றாள்.

உனக்காக அவள் உட்காரவில்லை, சாமி. அதை நான் மறைக்க மாட்டேன். வந்தவர் பசியோடு போகக்கூடாது என்பதற்காக உட்கார்ந்தாள். ஆனால் உட்கார்ந்தாள். தரையில் மூன்று இலை போட்டு, சட்டி பானைகளை நடுவில் கொண்டுவந்து வைத்து, கதவை மட்டும் பாவாயிக்காக ஒருக்களித்துவிட்டு, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்தாள். அவர் காலை மடக்கத் தெரியாமல் கப்பல் நங்கூரம் மாதிரி இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டார். அதைப் பார்த்து அவள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

அங்கே முதல் கவளத்துக்கு முன் 'தோபர் தெக்' என்பார்கள். நன்றாகப் பசித்துச் சாப்பிடுங்கள் என்று அர்த்தம். பிறகு கோப்பையை எடுத்து ஒருவர் கோப்பையோடு ஒருவர் தொட்டு, 'ஷிவ்யேலி' என்பார்கள். நாம் வாழ்வோம் என்று அர்த்தம். நம் வீட்டில் அதற்கு நீர்மோர்தான். அவர் தம்ளரை என் தம்ளரோடு தொட்டார். நான் வழக்கம்போல அண்ணாந்து ஊற்றிக்கொண்டேன். அவர் குடிக்காமல் காத்திருந்தார். இன்னொரு தடவை தொட்டார். நான் இன்னொரு தடவை அண்ணாந்தேன். "கண்ணைப் பார்க்க வேண்டும்! மேற்கூரையை அல்ல!" என்று கத்தினார். கண்ணைப் பார்க்காமல் குடித்தால் அங்கே மனத்தில் ஏதோ ஒளிக்கிறான் என்று பொருளாம். அண்ணாந்துகொண்டு எதிரே இருப்பவர் கண்ணை எப்படிப் பார்ப்பது? முயன்று பார்த்தேன், மோர் சட்டைக்குள் போயிற்று. கடைசியில் இத்தனை வயதுக்கு மேல் தம்ளரில் வாய் வைத்துக் குடித்தேன். நீ அங்கே முதல் நாளே அதைச் செய்துவிடு. எச்சில் என்று நினைக்காதே. உன் கோப்பை உனக்கு மட்டும்தான்.

அடுத்து உன் அம்மாவின் முறை. அவர் தம்ளரை நீட்டிக்கொண்டு காத்திருக்கிறார். இவள் இலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். "என்னங்க இது, இந்த மனுசன் என்னையே பாக்கறாரு?" என்றாள். "நீயும் ஒரு தடவை பார்த்துவிடு, இல்லாவிட்டால் அவர் மோரைக் குடிக்க மாட்டார்" என்றேன். படக்கென்று நிமிர்ந்து பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். "பாத்துட்டேன், குடிக்கச் சொல்லுங்க" என்றாள். அவர் சிரித்த சிரிப்பில் எனக்கும் சிரிப்பு வந்து, அவளுக்கும் வந்து, அதன் பிறகு அந்த வீடு சாதாரணமாயிற்று.

அவர் ஏன் கோழியைப் பற்றிக் கேட்கவில்லை என்பதும் அப்போதுதான் தெரிந்தது. அங்கே வெள்ளிக்கிழமை இறைச்சி தொடமாட்டார்கள், மீன் மட்டும்தான். "வரும்போதே பயந்துகொண்டு வந்தேன், கோழி வைத்தால் எப்படி மறுப்பது என்று" என்றார். இதை நான் மொழிபெயர்த்ததும் உன் அம்மா என்னைப் பார்த்த பார்வையை நீ பார்த்திருக்க வேண்டும். "அவிங்களுக்கும் வெள்ளிக்கெழமயா?" என்று கேட்டுவிட்டு, அவர் இலையில் இன்னொரு கரண்டி நெய் ஊற்றினாள். கீரைக் கடைசலைத் தொட்டுக்கொண்டு, அவர்கள் வீட்டிலும் இப்படித்தான் ஒரு கீரையை உருளைக்கிழங்கோடு வேகவைத்து, பூண்டும் ஒலிவ எண்ணெயும் சேர்ப்பார்கள் என்றார். முந்தின நாள் ராகிக் களி ஒரு சட்டியில் மிச்சம் இருந்தது. அதைக் கண்டதும், "இது எங்கள் பலெண்டா! நிறம்தான் வேறு" என்று எடுத்துக்கொண்டார். மக்காச்சோள மாவைக் கொதிநீரில் போட்டு, கைவலிக்கக் கிளறி, மீன் குழம்பு ஊற்றிச் சாப்பிடுவார்களாம். ஆகவே உன் அம்மாவின் பழைய கேள்விக்குப் பதில் ராகிக் களிச் சட்டியிலேயே இருந்திருக்கிறது. நான் பூகோளப் புத்தகத்தில் தேடிக்கொண்டிருந்தேன்.

பேச்சுவாக்கில் அவர் கல்யாண விருந்தைப் பற்றி ஆரம்பித்தார். பெரிய மாட்டிறைச்சித் துண்டைப் புளித்த காடியில் ஒரு ராத்திரி முழுக்க ஊறவைத்து, மறுநாள் உலர்ந்த பழமும் திராட்சை மதுவும் சேர்த்துப் பல மணி நேரம் வேகவைப்பார்களாம். அது இல்லாமல் அங்கே கல்யாணமே இல்லையாம். எனக்குப் புரை ஏறிவிட்டது. "என்ன சொல்றாருங்க?" என்றாள் உன் அம்மா. "கண்ணாலத்துக்கு முந்தின நாளே ஊறப்போட்டுச் செய்யற பதார்த்தம் ஒண்ணு இருக்குதாம்" என்றேன். "நம்ம இட்லிக்கு ஊறப்போடறாப்பலயா?" "அப்படித்தான்" என்றேன். பொய் சொல்லவில்லை, மொழிபெயர்ப்பைக் கொஞ்சம் சுருக்கினேன். ஆகவே இதை நீதான் பார்த்துக்கொள்ள வேண்டும். உன் தட்டில் அது வந்த பிறகு வேண்டாம் என்றால் சமைத்தவளுக்கு அவமானம். கல்யாணத்துக்கு முன்பே யெலேனாவிடம் சொல்லிவிடு; அவள் தன் அம்மாவிடம் சொல்லட்டும். முன்கூட்டிச் சொல்வது கோரிக்கை, தட்டுக்கு முன்னால் சொல்வது மறுப்பு. உனக்கு மீன் இருக்கும். அதற்கு பார்பா என்னிடம் கையடித்துக் கொடுத்திருக்கிறார்.

மதுவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அங்கே திராட்சை மது சாப்பாட்டின் ஒரு பகுதி. சிவப்பு மதுவில் பாதிக்குத் தண்ணீர் கலந்து, பெரியவர்கள் மோர் குடிப்பதுபோல் குடிப்பார்கள். குடித்துத் தள்ளாடுகிறவனுக்கு அங்கேயும் மரியாதை கிடையாது. நீ என்ன செய்ய வேண்டும் என்று நான் கட்டளை போடவில்லை. வயது வந்தவன் நீ. என் மனம் உனக்குத் தெரியும், உன் பெரிய மாமாவையும் உனக்குத் தெரியும். வேண்டாமென்றால் எப்படி இருப்பது என்பதை மட்டும் அவரிடம் கேட்டு வைத்தேன். கோப்பையை வாங்கிக்கொள், கண்ணைப் பார், 'ஷிவ்யேலி' சொல், உதட்டில் வைத்துவிட்டுக் கீழே வை. நிறைந்த கோப்பையில் யாரும் ஊற்ற மாட்டார்கள். காலிக் கோப்பையைத்தான் தேடி வருவார்கள். தட்டும் அப்படியே. நம் வீட்டுப் பழக்கத்தில் நீ வழித்துச் சாப்பிட்டால் இன்னும் பசிக்கிறது என்று மறுபடி மறுபடி போடுவார்கள். போதும் என்பதை நம்மைப் போல ஒப்புக்குச் சொன்னால் நம்ப மாட்டார்கள். நெஞ்சில் கைவைத்துச் சொன்னால்தான் நம்புவார்களாம். ரொட்டித் துண்டு தவறி விழுந்தால் எடுத்து முத்தமிடுவார்கள். நாம் சோற்றைக் கண்ணில் ஒற்றிக்கொள்வதுபோல். அதைப் பார்த்து முழிக்காதே.

காப்பி என்று கூப்பிட்டால் காப்பிக்காக இல்லை. ஒரு சின்னக் கிண்ணத்தை வைத்துக்கொண்டு ஒரு பொழுது முழுக்க உட்கார்ந்திருப்பார்கள். நீ பட்டாளத்தில் பழகிய அவசரத்தில் ஒரே மடக்கில் குடித்துவிட்டு எழுந்தால், அவர்கள் என்ன தவறு செய்தார்கள் என்று அவர்களுக்கு இராத்தூக்கம் போய்விடும். என்னிடம் படித்த பையன்களில் பரீட்சைத் தாளை முதலில் நீட்டிவிட்டு ஓடுகிறவன் எப்போதும் ஒருவன் இருப்பான். அவனுக்கு விடை தெரிந்திருக்கும், பாதியில் நிறுத்தியிருப்பான். சாப்பாட்டு மேசையில் அந்தப் பையனாக இராதே. வெறுங்கையோடு எந்த வீட்டுக்குள்ளும் போகாதே. சண்டைக்குப் பிறகு அங்கே காப்பிக்கொட்டை கிடைப்பதில்லையாம். உன் அம்மா சேர்வராயன் மலைக் காப்பிக்கொட்டையை ஒரு பை நிறையக் கட்டி அனுப்பியிருக்கிறாள். யெலேனாவின் அம்மாவிடம் நீயே கையில் கொடு. வறுக்காத கொட்டை, ஈரம் படாமல் பார்த்துக்கொள்.

இனி அவள் சம்மதித்த கதை. ஒப்புட்டைப் பிட்டுக்கொண்டே உன் அம்மா கேட்டாள்: "அந்தப் புள்ளைக்கு ஆக்கத் தெரியுமான்னு கேளுங்க." பார்பா யோசித்தார். அக்கா மகளைப் புகழ வேண்டிய இடம். ஆனால் அவருக்குப் பொய் வராது போலிருக்கிறது. "மீனை என்னைவிட வேகமாக ஆய்வாள். ரொட்டியைக் கருக்கிவிடுவாள். எப்போதும் கருக்குவாள்" என்றார். நான் தயங்கித் தயங்கி மொழிபெயர்த்தேன். உன் அம்மா சட்டியை வழித்துக்கொண்டே, யோசிக்காமல், "ரொட்டிதானுங்க கருகும்? சோத்த நானு பாத்துக்கறேன்" என்றாள். சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே உறைத்தது. கரண்டி அப்படியே நின்றது. நான் அவளைப் பார்க்கவில்லை. பார்த்தால் திருப்பி எடுத்துக்கொள்வாளோ என்று பயம். அவர் அவளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்து, "என்ன சொன்னார்?" என்று கேட்டார். நான் சொன்னேன். ஒரு எழுத்தும் சுருக்கவில்லை.

சாயங்காலம் பஸ்ஸுக்குப் போகும்போது, அவர் கையில் ஒரு தூக்குப்போசியில் புளிச்சோறும், ஒரு சின்ன ஜாடியில் ஊறுகாயும் இருந்தன. கதவுக்குப் பின்னால் நின்று அனுப்பும் வழக்கமுள்ள உன் அம்மா, வாசல் வரை வந்து, "போயிட்டு வாங்கண்ணா" என்றாள். பாவாயி கேட்டுக்கொண்டுதான் இருந்தாள், "அண்ணனாட்டமா? அப்பச் சரி" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். பஸ் கிளம்பும் முன் நான் அவரிடம், "உங்கள் அக்காவுக்கு என்ன எழுதுவீர்கள்?" என்று கேட்டேன். "அந்த வீட்டில் கோபித்துக்கொண்டேன், பிறகு சாப்பிட்டேன் என்று எழுதுவேன். அக்காவுக்கு அது போதும்" என்றார். பஸ் போன திசையைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது உன் அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். என்ன எழுதுகிறேன் என்று கேட்டாள்; படித்துக் காட்டினேன் (காடியில் ஊறுவது மட்டும் விட்டுவிட்டு). அவள் சார்பில் ஏதாவது எழுத வேண்டுமா என்று கேட்டேன். முதலில் ஒன்றுமில்லை என்றாள். எழுந்து அடுப்படி வரை போனாள். அங்கிருந்து திரும்பி வந்து சொன்னதை அவள் வார்த்தையிலேயே எழுதுகிறேன்:

"ஆடி நோம்பிக்கு ரண்டு பேரும் வந்துருங்கன்னு எழுதுங்க. அந்தப் புள்ள இந்த ஊட்டுல மொத மொதல்ல சாப்புடற அன்னிக்கு மட்டும் நானு நின்னுதான் பரிமாறுவேன். அவ அதுக்குக் கோவிச்சுக்கிட்டு எந்திரிச்சுப் போகக் கூடாது. மறாநாள்ல இருந்து ஒண்ணா உக்காந்துக்கலாம்."

உன் அப்பா